ஸ்டார்ட்டர் வைத்த கிட்டார்

வெங்கடலட்சுமிக்கு மேடை ஏற வேண்டும் என்று ஆசை. மேடையில் நிற்கும்போது ஒருவரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்றும் ஆசை. இரண்டும் ஒரே அடுப்பில் வேகாத பண்டங்கள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பேஸ் கிட்டார் என்ற ஒன்றைப் பார்த்த பிறகு, வெந்தாலும் வெந்துவிடும் போலத்தான் தோன்றியது.

அவளுடைய அண்ணன் பாலகோபால் சிங்காநல்லூரில் ஓர் இன்னிசைக் குழு வைத்திருந்தான். கல்யாண வரவேற்புக்கும் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கும் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. பாடுகிற கனகத்தை ஊரே பார்க்கும். டிரம்ஸ் அடிக்கிற ஜாவித்தைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்க்கும். கீபோர்டு வாசிக்கிற அண்ணனை, கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்று அண்ணன் நம்பினான். பேஸ் கிட்டார்க்காரரை மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. குழுவுக்குச் சாப்பாட்டு டோக்கன் கொடுக்கிறவர்கூட அவரை எண்ணாமல் விட்டதுண்டு. நாலு தடித்த கம்பியை வைத்துக்கொண்டு பின்னால் நின்று 'தும் தும்' என்று ஏதோ செய்துகொண்டிருப்பார். அவர் நிறுத்தினால் பாட்டில் எதுவோ குறைகிற மாதிரி இருக்கும். எது என்று யாருக்கும் தெரியாது. வெங்கடலட்சுமி பிறந்ததிலிருந்து தேடிக்கொண்டிருந்த உத்தியோகம் அதுதான்.

அவள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் என்று கேட்டால் வீட்டுக் கஷ்டம் என்பாள். கேட்டவர்களும் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். நிஜம் என்னவென்றால், பத்தாம் வகுப்புக்கு வந்த புது டீச்சர், நாளைக்கு ஒவ்வொருவரும் எழுந்து நின்று தங்களைப் பற்றி நாலு வரி சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாலு வரிக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று வெங்கடலட்சுமி யோசித்தாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சல் இன்றுவரை குணமாகவில்லை.

அதன் பிறகு கணபதியில் சென்னியப்பன் என்பவரின் மோட்டார் வைண்டிங் பட்டறையில் சேர்ந்தாள். எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றுகிற வேலை. அந்தக் கம்பிச் சுருளுக்கு, காயிலுக்கு, வாய் கிடையாது. நாலு வரி சொல்லச் சொல்லி அது யாரையும் எழுப்பி நிறுத்தாது.

பேஸ்காரர் ஒத்திகை முடிந்ததும் கிட்டாரை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். எல்லோரும் போன பிறகு அவள் அதை மடியில் போட்டு மீட்டிப் பார்ப்பாள். ஆம்ப்ளிஃபயரில் மாட்டாத பேஸ் கொசு மாதிரி முனகும். வாசிக்கிறவள் தவிர வேறு யாருக்கும் கேட்காது. இப்படி ஒரு வாத்தியத்தைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் தன்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியாகத்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வாள். அப்படியே மீட்டி மீட்டி, குழு வாசிக்கிற பாட்டு எல்லாமே விரலுக்கு வந்துவிட்டது.

பிறகு பேஸ்காரருக்குத் திருப்பூரில் பெண் அமைந்தது. மாமனாரின் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போய்விட்டார். போகும்போது கிட்டாரையும் கொண்டுபோய்விட்டார்.

"கீபோர்டுல இடது கையில பேஸு, வலது கையில ட்யூனு. மூக்கு அரிச்சா ஜாவித்துதான் சொறிஞ்சு உடோணும்" என்று அண்ணன் அம்மாவிடம் புலம்பினான். "ஈரோட்டுப் பையன் ஒருத்தன் அடுத்த மாசம் வாரேன்னிருக்கான். வந்து நின்னுட்டான்னா எனக்கு நிம்மதி."

சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த வெங்கடலட்சுமியின் கை நின்றது. ஒருவரும் பார்க்காத அந்த இடம் அடுத்த மாதம் வரைதான் காலியாக இருக்கும். அதற்குள் ஒரு பேஸ் வேண்டும். ஈரோட்டுப் பையன் வந்து நின்றுவிட்டால், உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே மறைவிடமும் போய்விடும்.

உக்கடத்தில் பீர் முகம்மதுவின் பழைய சாமான் கடையில், ஓடாத ஃபேன்களுக்கும் உடைந்த மிக்சிகளுக்கும் நடுவே ஒரு பேஸ் கிட்டார் தொங்குவதை அவள் பஸ்ஸிலிருந்து பார்த்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மூக்குத்திக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"என்ன வேணும் அம்மணி?" என்றார் பீர் முகம்மது.

அவள் விரலை நீட்டினாள். விரலுக்கும் கூச்சம் உண்டு போலிருக்கிறது. அது நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அவர் கிட்டாருக்குப் பக்கத்தில் தொங்கிய இஸ்திரிப் பெட்டியைக் கழற்றினார்.

"நல்ல பொட்டிங்க. வக்கீல் ஊட்டுது. கறுப்புக் கோட்டைத் தவிர வேறெதையும் தேய்ச்சதில்லை."

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த ஒன்று வரவில்லை. இஸ்திரிப் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். அம்மா, "பரவால்ல, எம்புள்ளைக்கும் பொறுப்பு வந்திருச்சு" என்று சந்தோஷப்பட்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனாள். பீர் முகம்மது அவளைப் பார்த்ததும், "பொட்டி சுடலீங்களா?" என்றார்.

"சுடுதுங்க. அந்த... கம்பி கட்டினது."

"அட, அதா! போன வாரமே வாயத் தொறந்திருந்தா பொட்டிய உங்க தலையில கட்டியிருக்க மாட்டனே!" என்று சிரித்தவர், தூசி தட்டிக் கீழே இறக்கினார். "வால்பாறை எஸ்டேட் கிளப்பு ஏலத்துல எடுத்தது. ஜப்பான் சாமான். அந்தக் காலத்துல தொரைமாருங்க ஆடறதுக்கு வாசிச்சது."

"பாடுமாங்க?"

"அதுக்கு நான் எப்படிங்க கேரண்டி தர்றது? நானே பாட மாட்டேன். தூக்கிப் பாருங்க, கனத்துக்கே காசு குடுக்கலாம்."

கனம் இருந்தது. யாரோ புண்ணியவான் அதற்குத் தோட்டத்துக் கேட்டுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட்டை அடித்திருந்தான். கழுத்து வில்லாக வளைந்திருந்தது. கம்பிகளில் துரு. பஸ்ஸில் கண்டக்டர் அதைத் தோட்டத்துச் சாமான் என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அவள் எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் அதைப் பழுது பார்த்த கதை, சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தேய்க்கப் பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே இன்னொரு பச்சை வந்தது. இப்படியே போனால் கடைசியில் மரமே இருக்காது, பெயின்ட்டுதான் கிட்டார் என்று ஆகிவிடும் என்று பயந்த நேரத்தில், கருப்பட்டி நிறத்தில் மரம் தெரிந்தது. கழுத்துக்குள் ஒரு கம்பி ஓடுகிறது, அதை முறுக்கினால் வளைவு நிமிரும் என்று பழைய பேஸ்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. பட்டறையிலிருந்து ஆலன் சாவி கொண்டுவந்து முறுக்கினாள். நிமிர்ந்தது. சந்தோஷத்தில் இன்னும் முறுக்கினாள். அந்தப் பக்கம் வளைந்தது. பாதி தூரம் திருப்பி முறுக்கி, ஒருவழியாக அதோடு ராஜிக்கு வந்தாள்.

புதுக் கம்பி மெட்ராசிலிருந்துதான் வர வேண்டும். அதனால் துருப்பிடித்த கம்பிகளைக் குண்டாவில் போட்டு, சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தாள். அம்மா வந்து மூடியைத் திறந்து பார்த்தாள்.

"ஏன்டி, இதென்ன கருமம்? இடியாப்பமா?"

"கம்பிம்மா."

"கம்பியச் சோறு பொங்கற குண்டாவுலயா வேக வெப்பாங்க? பொறவு எதுல சோறாக்கறது, உம்பட அண்ணன் கீபோர்டுலயா?"

அப்போதுதான் அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. குண்டாவையும் பார்த்தான், கூடத்து மூலையில் கிடந்த கிட்டாரையும் பார்த்தான், தங்கையையும் பார்த்தான். சிரிப்பதா திட்டுவதா என்று அவனுக்குப் புரியவில்லை. அவள் கொதித்த கம்பிகளை மாட்டி, அவன் குழுவின் பாட்டு ஒன்றை ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே வாசித்துக் காட்டினாள். அவன் குனிந்து காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டான். கடைசி வரைக்கும் கேட்டான்.

"சரி, பெருந்துறைக் கல்யாணத்துக்கு மட்டும் வா" என்றான். "அது சரியா வந்துதுன்னா மேற்கொண்டு பாக்கலாம். இல்லீன்னா ஈரோட்டுப் பையன்தான். அழுகக் கூடாது."

"உம்" என்றாள் வெங்கடலட்சுமி. அவளைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

இனி மின்சார வேலை மட்டும்தான் பாக்கி. கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற ஒரு காயில் இருக்கும். பிக்கப் என்பார்கள். மீட்டர் வைத்துப் பார்த்தாள். முள் அசையவில்லை. செத்த காயில். வெங்கடலட்சுமிக்கு உள்ளூரச் சந்தோஷம். இதுவரை செய்ததெல்லாம் தெரியாத வேலை. இது அவள் பிழைப்பு. இதில் தப்பு வர வழியே இல்லை என்று நினைத்தாள். தப்பு அங்கேதான் வந்தது.

பம்பு மோட்டாரைக் கொண்டுவருகிற விவசாயிகள், பட்டறையில் அதை இறக்கி வைக்கும்போதே சொல்வார்கள்: "அம்மணி, பழையபடி சுத்தாதீங்க. கொஞ்சம் சேத்திப் போடுங்க. தண்ணி ஆழத்துக்குப் போயிருச்சு." சென்னியப்பனும் கண்ணைக் காட்டுவார். மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பது ஒரு பலம், வயிற்றுக்குள் இருப்பது அதைவிடக் கூட. தகட்டில் இருக்கிறபடியே சுற்றிக் கொடுக்கிற பட்டறைக்கு யாரும் இரண்டாம் முறை வர மாட்டார்கள். கஞ்சப் பட்டறை என்று பெயர் வாங்கிவிடும்.

அந்தப் பழக்கத்தில், பிக்கப்புக்கு அவள் தாராளமாகச் சுற்றினாள். ஸ்டார்ட்டர்களுக்குள் இருக்கிற குட்டிக் காயிலுக்கென்று பட்டறையில் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி இருந்தது. சென்னியப்பனிடம் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தாள். கம்பி சுற்றுகிற பழைய கட்டையில் இடம் போதவில்லை. ஃபைபர் அட்டை வெட்டிப் பெரிய கட்டையாகச் செய்துகொண்டாள். காந்தம் பழையதாக இருந்ததால், ஒரு உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தையும் அடியில் ஒட்டினாள். வார்னிஷில் முக்கி வெயிலில் காய வைத்தாள். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அடுத்தது திருகுகள். கிட்டாரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு உண்டு. இரண்டும் துருவேறி இறுகிவிட்டன. பழைய பேஸ்காரர் தன் கிட்டாரின் திருகுகளைத் தொட்டு அவள் பார்த்ததே இல்லை. முழுசாகத் திருப்பி வைத்துவிட்டு அப்படியே வாசிப்பார். ஆகவே அவை வெறும் அலங்காரம் என்று முடிவு செய்தாள். மோட்டார் ஒன்று ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். அதற்கு நடுவே ஒரு நிலை இருப்பதாக அவளுடைய பட்டறையில் யாரும் சொன்னதில்லை. திருகுகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற ஸ்டார்ட்டரின் இரட்டைப் பொத்தான் ஒன்றைப் பொருத்தினாள். பச்சையை அமுக்கினால் ஓடும். சிவப்பை அமுக்கினால் நிற்கும்.

வேலை முடிந்ததும் வீட்டு ரேடியோவின் பின்னால், ரெக்கார்டு பிளேயர் மாட்டுகிற துளையில் வயரைக் கொடுத்துச் சோதித்தாள். ஒரே ஒரு தட்டு. ரேடியோ 'கர்' என்று இருமிவிட்டு அடங்கியது. பழைய ரேடியோ, அதற்கு வயதாகிவிட்டது என்று பரிதாபப்பட்டாள்.

ஒத்திகை அவர்கள் வீட்டில்தான் நடந்தது. வீட்டுக்காரர் சத்தம் போடுவார் என்பதால் பேஸை எதிலும் மாட்டவில்லை. ஜாவித் பொத்தான்களைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி, தண்ணி எத்தனை அடில இருக்குது?" என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றபடி ஒத்திகை குற்றம் சொல்ல முடியாமல் நடந்தது. அவள் வாசித்தது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

பெருந்துறை மண்டபத்துக்குக் குழுவின் வேன் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் ஏற்கெனவே மேடையில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். சவுண்டு சர்வீஸ்காரர் ஒரு வயரை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வெங்கடலட்சுமி டிரம்ஸுக்குப் பின்னால், பூ அலங்காரத்துக்குக் கொண்டுவந்து மிஞ்சிய தெர்மாகோல் அட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்தாள். முன்னாலிருந்து பார்த்தால் கொண்டை மட்டும் தெரியும். இதைவிட நல்ல இடம் சொர்க்கத்தில்கூட இருக்காது என்று தோன்றியது.

ஜாவித் குச்சியைத் தட்டினான். அவள் பச்சையை அமுக்கிவிட்டு முதல் கம்பியை மீட்டினாள்.

மண்டபத்துக்குள் ஒரு லாரி வந்து நின்றது போல இருந்தது. பரிசு மேசையில் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் குடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ரீங்காரம் போட்டன. முன் வரிசைப் பெரியவர் ஒருவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார். கைகொடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை கையை விட மறந்து நின்றான். ஒலி எங்கிருந்து வருகிறது என்று வெங்கடலட்சுமியும் மற்றவர்களைப் போலவே திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

அண்ணன் கீபோர்டிலிருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினான். குறை, குறை. அவள் குனிந்து பார்த்தாள். குறைக்க அங்கே ஒன்றும் இல்லை. பச்சை இருந்தது, சிவப்பு இருந்தது.

சிவப்பின்மேல் விரலை வைத்தாள். இவ்வளவு பெரிய சத்தம் திடீரென்று நின்றால், நிறுத்தியது யார் என்று அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள். தெர்மாகோலைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். வாசித்துக்கொண்டே இருந்தால் ஏதோ மண்டபத்துச் சத்தம், ஜெனரேட்டர் என்று நினைத்தாலும் நினைப்பார்கள். விரலை எடுத்துவிட்டாள். அவள் தொடர்ந்து வாசித்ததற்குத் துணிச்சல் காரணம் என்று பிற்பாடு யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசித்துப் பார்த்தாள். அப்போதும் தரை அதிர்ந்தது. அந்தப் பதற்றத்தில்தான் இரண்டாவது பாட்டில் அது நடந்தது. பல்லவி முடிந்ததும் பாலகோபால் தனியாகக் கொஞ்ச நேரம் கீபோர்டு வாசிக்க வேண்டும். அவனுடைய சோலோ அது. அதற்காகவே புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். அது முடிந்த பிறகுதான் கனகம் சரணம் பாட வேண்டும். வெங்கடலட்சுமி நடுவில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்து, நேராகச் சரணத்துக்குள் குதித்துவிட்டாள்.

வேறு எந்த பேஸாக இருந்தாலும் அந்தத் தப்பு யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இது கட்டளை மாதிரி விழுந்தது. ஜாவித்தின் கைகள் அவனைக் கேட்காமலே அவள் பின்னால் போய்விட்டன. கனகம் சோலோ நேரத்தில் தொண்டைக்குச் சுடுதண்ணீர் குடிப்பது வழக்கம். பாதி மடக்கை அவசரமாக விழுங்கிவிட்டுச் சரணத்தைப் பிடித்தார். புதுச் சட்டையோடு கையைத் தூக்கிய பாலகோபால், தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் அவனும் அவர்களோடு சேர்ந்துகொண்டான். வந்திருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். நிகழ்ச்சி முடியும்வரை அவள் சிவப்பைத் தொடவே இல்லை.

முடிந்ததும் குழுவைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். வெங்கடலட்சுமியின் காதுக்குள் இன்னும் வண்டு பறந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது.

"என்ர சோலோவை முழுங்கிப்போட்டா" என்றான் பாலகோபால். இலையில் தண்ணீர் தெளித்தபோதே ஆரம்பித்துவிட்டான். "எத்தனை நாளா ரோசனை பண்ணி வெச்சிருந்தேன் தெரியுமா? ஈரோட்டுப் பையனுக்கு நாளைக்கே போன் போட்டர்றேன்."

"உம்பட சோலோ எங்க ஓடிப்போகுது?" என்றார் கனகம். "ஏன் கோபாலு, மேடையில எம்பட கொரலே எனக்குக் கேக்காது. இருட்டுல படி தேடற மாதிரி தேடித்தான் தெனமும் பாடறேன். இன்னிக்கு எங்க ஆரம்பிக்கோணும்னு காலுக்கடியில தரையே சொல்லுச்சு."

"தப்பான எடத்துல ஆரம்பிக்கச் சொல்லுச்சுங்க்கா!"

"தப்பான எடம்தான். ஆனா எல்லாரும் ஒண்ணாத் தப்புப் பண்ணினமா இல்லியா? போன வாரம் அவிநாசியில ஆளுக்கு ஒரு பக்கம் போனமே, அதுக்கு இது தேவலாம்."

ஜாவித் அப்பளத்தை நொறுக்கினான். "அண்ணா, நானும் சொல்றேன். இன்னிக்கு நான் தாளத்தைக் கூட்டி ஓட்டமே எடுக்கல. எடுக்க முடியல. அம்மணி புடிச்சுக் கட்டிப்போட்டுது."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டுத்தான் வந்தீங்களா?" பாலகோபால் சோற்றைப் பிசைந்தான். "அவளுக்கே இதெல்லாம் இஷ்டமான்னு யாரு கண்டா? ஊட்டுக்குப் போய் அம்மாகிட்டப் பேசிக்கலாம்."

வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று வெங்கடலட்சுமிக்குத் தெரியும். அம்மாவும் அண்ணனும் பேசுவார்கள். அவள் தேங்காய் துருவுவாள். அவள் ஒன்றும் சொல்லாததால் அவளுக்கு வேண்டாம் என்று முடிவாகும். பள்ளிக்கூடமும் அப்படித்தான் முடிந்தது.

கனகம் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. இந்த எடம் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

வெங்கடலட்சுமி இலையைப் பார்த்தாள். வேண்டும். மூக்குத்தியைவிட வேண்டும். அதை மெதுவாக, பக்கத்தில் இருக்கிற கனகத்துக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். ஆனால் காதுக்குள் வண்டு பறந்துகொண்டிருக்கும்போது தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று யாருக்குத் தெரியும்?

"பேஸு நான்தான் வாசிப்பேன்! வேற யாரும் வர வேண்டாம்!"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். எதிர் வரிசை நிமிர்ந்தது. பந்தியின் இரு கோடியிலிருந்தும் தலைகள் இலைக்கு மேலாக எட்டிப் பார்த்தன. பாலகோபாலின் வாய்க்குப் போன கவளம் பாதி வழியில் நின்றது. அவன் தங்கை இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. சொல்லப்போனால், அவள் ஒரு முழு வாக்கியம் பேசி அவன் கேட்டே வெகுநாளாகிறது.

"செரி, செரி. எதுக்கு ஊரைக் கூட்டறே?" என்றான் கடைசியில். "நீயே வாசி. ஆனா ஒரு வால்யூம் திருகு வெச்சுப்போடு. என்ர சோலோவுக்காவது அடக்கி வாசி."

அவள் தலையாட்டினாள். இடம் கிடைத்துவிட்டது. எழுந்து ஓடிப்போய் வேனுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன் பந்தியிலிருந்து எழுந்தால், அது பந்தி போட்டவர்களுக்கு மரியாதையில்லை. அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. பக்கத்து இலைப் பெரியவர் நிதானமாகச் சாப்பிடுகிறவர். அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சோறு போடுகிறவரைக் கூப்பிட்டு, மோருக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.